கொசுவுக்கு வேண்டாத கால்

கொசு கடிக்கவில்லை என்று நான் அழுதிருக்கிறேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தவர், அவரே இப்போது நம்புவதில்லை.

குழித்துறைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்று ஆசை இருந்தது. கல்யாணம் வந்தது, வேலை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், ஆராய்ச்சி மட்டும் வரவில்லை. அதற்காக நான் தினமும் உட்கார்ந்து ஏங்கினேன் என்று நினைக்க வேண்டாம். விடைத்தாள் திருத்துகிறவளுக்கு ஏங்க நேரம் ஏது. ஆனாலும் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே எழுதியவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். அந்த வரிசையில் கடைசியாகவாவது என் பெயர் ஒரு முறை வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பணித்திறன் வளர்ப்பு என்ற பெயரில் எங்களுக்குப் பயிற்சிகள் நடக்கும். என் சர்வீஸில் நான் பார்க்காத பயிற்சி இல்லை. ஒன்றில் செல்லின் அமைப்பைச் சப்பாத்தி மாவில் செய்யச் சொன்னார்கள். கோல்கி உறுப்பை நான்தான் உருட்டினேன், நன்றாகவே வந்தது. இன்னொன்றில் எல்லோரும் கைகோத்து டி.என்.ஏ. மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றோம். ஒரு தலைமையாசிரியையின் முதுகு பிடித்துக்கொண்டதால் எங்களைப் பிரித்தெடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. இப்படி இருக்கையில், கோடை விடுமுறையில் உயிரியல் ஆசிரியர்களுக்கு உண்மையான ஆய்வு என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியரின் கீழ் வேலை. முடிவுகள் நன்றாக வந்தால் கட்டுரையில் பெயர். விருப்பம் இருந்தால் அவரிடமே பகுதிநேர பி.எச்டி.க்குப் பதிந்துகொள்ளலாம். அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன்.

பேராசிரியருடைய ஆராய்ச்சி கொசு. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளில் கோடை மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் கடிக்கிற, காலில் வெள்ளை வரி போட்ட கொசு அதில் பெருகும். தோட்டத்தில் எந்த இடத்தில் அது மனிதரைத் தேடி அதிகம் வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். முறை ரொம்ப எளிது. மரத்தடியில் முழங்கால் வரை துணியைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கொசு காலில் வந்து உட்கார்ந்ததும், அது குத்துவதற்கு முன்னால், சோதனைக் குழாயைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். என்ன வந்தாலும் அடிக்கக் கூடாது. இத்தனை வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி வாய்ப்பு, கொசுவுக்கு இரையாக உட்காருவது.

"இதுக்காக்கும் டீச்சரே நான் பி.எட். படிச்சேன்," என்றார் என்னோடு தேர்வாகியிருந்த இன்னோர் ஆசிரியர். குளச்சல்காரர், தாவரவியல் எடுக்கிறவர். அவருக்கு ஆராய்ச்சி ஆசை கிடையாது. இதற்கு வந்தால் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் பேண்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்த மாத்திரத்தில் கொசுக்கள் வந்தன. மூன்று நான்காக வந்தன. அவர் ஒன்றைப் பிடிப்பதற்குள் இரண்டு குத்திவிடும். கை தானாக ஓங்கும். பேராசிரியர் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்தே, "அடிக்கப்படாது ஸாரே," என்று கையை ஆட்டுவார்.

நான் அவருக்கு அடுத்த மரத்தடியில் இருந்தேன். ஒரு கொசுவும் வரவில்லை.

முதல் நாள் இடம் சரியில்லை என்றார்கள். மறுநாள் இடத்தை மாற்றிக்கொண்டோம். கொசுக்களும் அவரோடு இடம் மாறின. கொசுவை எது இழுக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, வருடா வருடம் நடத்துகிறேன். மூச்சுக்காற்று, வியர்வை, கறுப்பு நிறம். ஆகவே கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு போனேன். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி ஓடினேன், மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தேன். பால் எடுக்க வந்த பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். காலையில் குளிக்காமல் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எழுந்து போய்விட்டார், கொசு மட்டும் வரவில்லை. என் கணக்குத் தாளில் தினமும் பூஜ்யம்தான்.

கீரிப்பாறை பஸ் கண்டக்டருக்கு என்னை நன்றாக அடையாளம் தெரிந்துவிட்டது. "டீச்சருக்கு இங்க ஆரு இருக்கா, தெனமும் வாறிய?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல. கொசு கடி வாங்க வாறேன்."

"கெடச்சா?"

"இல்ல."

"செரி, நாளைக்குப் பாப்போம்," என்று டிக்கெட்டைக் கிழித்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் என்னைக் கொசு கடிக்குமா என்று பேராசிரியர் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார். அங்கே கொசுவே இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்து வந்தவர். வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தார், கதவுக்கும் அடித்தார், கிணற்றுக்குக்கூட அடித்தார். எங்கள் வீட்டுக்குள் கொசு வர வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். அவரிடம் நான் என் கதையைச் சொன்னபோது டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏட்டி, ஒனக்க நாக்குக்குப் பயந்து மனுசனே கிட்ட வரமாட்டான், கொசு வருமா?" என்றார். சும்மா கிண்டல்தான். ஆனால் பேராசிரியர் அன்று சாயங்காலம் என்னிடம், மாதக் கடைசி வரை இப்படியே போனால் கட்டுரையில் குளச்சல் ஸார் பெயரைத்தான் போட முடியும் என்று சொல்லியிருந்தார். ஆராய்ச்சியே வேண்டாம் என்று வந்த ஆளுக்குப் பெயர், எனக்குப் பூஜ்யம். அடுக்களையில் நின்று அழுதேன். வீட்டுக்காரர் டி.வி.யை நிறுத்திவிட்டு வந்து சப்பாத்திக்கட்டையைக் கழுவி வைத்தார்.

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவரவர் ஜெபக்குறிப்பைச் சொல்லலாம். மகனுக்கு விசா, மருமகளுக்குக் குழந்தை, முழங்கால் ஆபரேஷன், இப்படி. என் முறை வந்தபோது நானும் எழுந்து சொல்லிவிட்டேன். கொசு என்னைக் கடிக்க வேண்டும், அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். சங்கடம் என்னவென்றால், எனக்கு முன்னால் பேசிய அக்கா, தெருவில் சாக்கடை ஓடை அடைத்துக் கிடக்கிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கொசு எல்லாம் ஒழிந்துபோக வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஒரே கூட்டத்தில் கொசு போகவும் ஜெபிக்க வேண்டும், வரவும் ஜெபிக்க வேண்டும்.

போதகரம்மா சாமர்த்தியசாலி. கண்ணை மூடி, நிதானமாக, "கர்த்தாவே, எங்கள் தெருவில் உள்ள கொசுக்களை எல்லாம் கீரிப்பாறைக்கு அனுப்பி, அவைகள் எங்கள் சகோதரியின் கால்களில் வந்து அமரக் கிருபை செய்யும்," என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஓடை அக்கா சத்தமாகவே சொன்னாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். "எகிப்துக்குத் தவளையும் பேனும் அனுப்புன கர்த்தருக்கு கீரிப்பாறை தூரமா, ஏட்டி?"

கீரிப்பாறையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் மாதக் கடைசியில் பேராசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. என் பூஜ்யங்களை எல்லாம் எதிரில் பரப்பி வைத்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணும் வருத்தப்படண்டாம். நான் தப்பாட்டு பாத்துட்டேன். இதாக்கும் கண்டுபிடிப்பு. நீங்கதான் கண்டுபிடிப்பு."

என் தோலில் ஏதோ இருக்கிறது, அதை ஆராய வேண்டும் என்றார். தோலைப் பஞ்சால் துடைத்து எடுப்பார்கள், வியர்வை எடுப்பார்கள், பெரிய கட்டுரையாக வரும். அப்படியானால் என் பெயர் என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல் இருந்தது. ஆராயப்படுகிறவருடைய பெயர் எந்தக் கட்டுரையிலும் வரக் கூடாது என்பது விதி. ஆராய்கிறவர் பெயர் வந்தே ஆக வேண்டும். இரண்டாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. நான் எழுதுகிறவள் என்றால் என் காலைக் கணக்கில் சேர்க்க முடியாது. கால் இல்லையென்றால் எழுத ஒன்றும் இல்லை. ஆகவே, "பங்கேற்பாளர், பெண்" என்று போடுவார்கள். "அதும் ஒரு பங்களிப்புதான் டீச்சர்," என்றார். சம்மதப் படிவத்தை என் பக்கம் தள்ளி, டீ சொன்னார்.

கோபமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் தவளையைப் பலகையில் மல்லாத்திக் குண்டூசி குத்தினவள் நான், இப்போது பலகை எனக்கு. ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது தேவலை என்று ஒரு மனம் சொன்னது. டீயைக் குடித்து முடித்தேன். பேனாவை எடுத்தேன். அப்போது கணுக்காலில் சுருக்கென்றது.

குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில், இருட்டில், என் காலில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. கை ஓங்கப் போனது. நான் விடவில்லை. ஒரு மாதம் பழகினது வீண்போகவில்லை. காலி டீ கிளாஸை மெல்லக் கொண்டுபோய்க் கவிழ்த்து, சம்மதப் படிவத்தை அடியில் செருகி எடுத்து மேஜைமேல் வைத்தேன். கண்ணாடிக்குள் வயிறு சிவந்து கிடந்தது. என் ரத்தம். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பைத்தியம் என்பீர்கள்.

"கடிச்சிட்டா?" என்றார் பேராசிரியர். முகம் விழுந்துவிட்டது. அவருடைய கண்டுபிடிப்பு போயிற்றே.

"ஸாரே, இதுக்க காலைப் பாருங்க."

காலில் வரி இல்லை. பழுப்பு நிறம், ஓடையில் வளருகிற வெறும் வீட்டுக் கொசு. போதகரம்மாவின் ஜெபம் பாதி பலித்திருந்தது. தெருக் கொசு வந்துவிட்டது, கீரிப்பாறைக்குப் பதில் கல்லூரியில் இறங்கிவிட்டது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொசுவில் இனங்கள் உண்டு என்று பிள்ளைகளுக்கு நடத்தி மதிப்பெண் போடுகிற இரண்டு பேர், ஒரு மாதமாகக் கொசு, கொசு என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"தோட்டத்துக் கொசு தொடாத காலை வீட்டுக் கொசு கடிக்குது. ஏன்?" என்றேன். "இது எனக்க கேள்வியாக்கும் ஸார். எனக்க காலை விட்டிருங்க. என்னை மாதிரி வேற ஆளு தோட்டத்திலயும் இருப்பாங்க, நான் தேடிப் பிடிக்கேன். ஆராயறது நான்."

அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கேள்வியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது, அந்தக் குணம் உண்டு. கடைசியில், "செரி, பி.எச்டி.க்குப் பதிவு பண்ணுங்க, கையெழுத்து போடுதேன்," என்றார். "ஆனா ஒப்பிட்டுப் பாக்க கொசு கடிக்கிற சாதாரண காலு ஒண்ணு வேணுமே. குளச்சல் ஸாரு இனி வரமாட்டார்." அது உண்மை. காலெல்லாம் தடித்துப் போய், கணக்கெடுப்பு வேலையே மேல் என்று அவர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய பேண்டைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை கீரிப்பாறை பஸ்ஸில் பேராசிரியர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். ஜீப்பில் போகலாம் என்றார், பஸ்தான் வசதி என்று சொல்லிவிட்டேன். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, "இவரும் கடி வாங்கவா?" என்று என்னிடம் கேட்டார். இவர் மட்டும்தான் என்றேன்.

மரத்தடியில் பேராசிரியர் பேண்டைச் சுருட்டினார். வெயில் படாத வெள்ளைக் கால். சோதனைக் குழாயைக் கையில் கொடுத்து, அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நான் எதிரில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். பங்கேற்பாளர் ஒன்று, ஆண், என்று எழுதினேன். பெயருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"விதியாக்கும் ஸார்," என்றேன்.

காலில் வெள்ளை வரி போட்ட ஒன்று மெதுவாக வந்து அவர் முழங்காலில் உட்கார்ந்தது.