மருந்து தீர்ந்த பதினொரு நிமிடம்

இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நிம்மதிதான். நம்பினால் என் தப்பையும் சேர்த்து நம்ப வேண்டிவரும். ஆனாலும் நடந்தது இதுதான்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டெக்னீஷியன். போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் உமைமாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். மெஷினைக் கவனிக்க வேண்டியவன் நான். செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் மணி 2.40. அழுகிய பழம் போல ஒரு தித்திப்பு வாசனை. நிமிர்ந்தேன். மெஷினில் மயக்க மருந்து தீர்ந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. உடம்பு அசையாதிருக்க ஊசி போட்டிருந்ததால் அவளால் விரலைக்கூட ஆட்ட முடியாது. நாடித்துடிப்பு 148. டேப் ஒட்டிய இமையோரம் கண்ணீர்...

சொட்... சொட்...

அவள் முகத்துக்கு மேல் ஒரு கை. நரம்பு புடைத்த, வயதான கை. அதில் சின்னக் கண்ணாடிப் புட்டி.

கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

நாடி 120... 95... 80.

நான் இன்னும் மருந்தே ஊற்றவில்லை.

"இன்னாப்பா, எல்லாம் சரியா?" சர்ஜன் தலை நிமிராமல் கேட்டார்.

"சரியா இருக்கு சார்."

திரும்பிப் பார்த்தேன். கை இல்லை.

மறுநாள் வார்டில், உமைமாவின் மூக்கையும் வாயையும் சுற்றி வட்டமாகத் தோல் வெந்திருந்தது.

"அண்ணா, கத்தி வச்சது தெரிஞ்சுதுண்ணா. கத்த முடியல. அப்புறம் ஒரு வயசான நர்ஸம்மா மூஞ்சில துணி போட்டு எண்ணச் சொன்னாங்க. ஏழுக்கு மேல ஞாபகமில்ல."

"கனவும்மா. மருந்துல அப்படித்தான் வரும்," என்றேன்.

நம்பிவிட்டாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் அஃப்ஸர் ஜஹானிடம் அந்தக் காயத்தைப் பற்றிக் கேட்டேன்.

"குளோரோஃபார்ம் பட்டா அப்படி வேகும். அந்தக் காலத்துல மயக்கம் வர, மூஞ்சில கம்பி மூடி வச்சு, அது மேல துணி போட்டு, சொட்டுச் சொட்டா வுடுவாங்களாம். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. நீ எங்க பாத்த?"



மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வாணியம்பாடியில் உமைமா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"அந்த நர்ஸம்மா நேத்தே வந்து அழுதுட்டுப் போய்ட்டாங்கண்ணா. மருந்து தீர்ந்துபோனத சொன்னாங்க. 'அவன் வரமாட்டான், அதான் நான் வந்தேன்'னாங்க."

மருந்து தீர்ந்ததை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.