நான் மூடாத வால்வு

நான் செய்ததை வேறு யாரோ செய்ததாகச் சொன்னேன். அதனால் ஒருவருக்கு வேலை போயிற்று.

பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் போடுகிறவன் நான். ஐந்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் வராது. அந்த வாய்க்குப் பொய் மட்டும் எப்படி வந்தது…

இரண்டு வருடம் இருக்கும். மாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, அடியில் இருக்கும் வால்வை மூட மறந்து இறங்கிவிட்டேன். ஏற்றிய தண்ணீரெல்லாம் ஓடிவிட்டது. எந்த வீட்டுக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் செயலாளர்.

"யாரோ வால்வத் தொறந்து வுட்டுட்டாங்களாம் சார்."

'வுட்டுட்டாங்களாம்' என்று ஓர் 'ஆம்' ஒட்டி முடித்தேன், கவனித்தீர்களா? எவரோ சொல்லக் கேட்டவன் போல!

மாடிச் சாவி என்னைத் தவிரக் காவலாளி கணேஷ் அண்ணனிடம்தான் இருந்தது. நேபாளத்துக்காரர். அங்குள்ள நேவாரி மொழி பேசுகிறவர். அவரைத்தான் வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

மதியம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். முன்பு ஒருநாள் சொன்னார்: "எங்க பாஷைல, நானே வேணும்னு செஞ்சா 'செஞ்சேன்'ங்கிற சொல்லு ஒரு மாதிரி முடியும் தம்பி. தெரியாம செஞ்சுட்டா, அடுத்தவன் செஞ்ச மாதிரி முடியும்."

"அப்போ வாயத் தொறந்தாலே மாட்டிக்குவியா? நல்லவேள, நான் தமிழ்க்காரன்ணா."

இருவரும் சிரித்தோம்.

போகிற அன்று பையோடு மோட்டார் அறைக்கு வந்தார்.

"நீ பாத்தியா தம்பி, இல்ல யாராவது சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்ணா."

"சரி. பாத்திருந்தா யாருன்னு சொல்லியிருப்பே."

என்னை நம்பிவிட்டுப் போனார்… திட்டியிருக்கக் கூடாதா?

போன வாரம் செயலாளரிடம் போய் நின்றேன். "அன்னிக்கு வால்வ மூடாம வுட்டது நாந்தான் சார்."

"இப்போ எதுக்குப்பா அதெல்லாம்?" என்று கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. அன்று மதியம் சோறு ருசித்தது. உங்களிடம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

ஆனாலும்… வால்வை மறந்ததை, கணேஷ் அண்ணன் மொழியில் அடுத்தவன் செய்ததுபோலவே சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை அப்படிச் சொல்ல முடியுமா? அதை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன். உபயோகத்தில் இல்லை என்கிறது.