ரெண்டாவது கேள்விக்குத் தூக்கிய கை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜாபர் பாய்க்கு ஒரு மெசேஜ் போட்டேன். "பாய், வியாழக்கிழமை முசரவாக்கத்துல கூட்டம், பத்து மணி. கார்ட்லெஸ் மைக் ரெண்டு."

பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் அவர் நம்பரிலிருந்தே பதில். மகள் போட்டிருந்தாள். "ஆன்ட்டி, அப்பா நேத்து சாயங்காலம் இறந்துட்டாங்க. ஹார்ட் அட்டாக். இன்னிக்கு லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

ஐம்பத்திரண்டு வயசு...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. காஞ்சிபுரத்தில் மைக் செட் வைத்திருந்தார். வேலை பார்க்கும் டிரஸ்ட்டுக்காக நான் ஊர் ஊராகப் போய் மாரடைப்பு பற்றிப் பேசுகிறேன் இல்லையா, அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் அவர் செட்தான். மூன்று வருஷமாக.

முதல் கூட்டம் செவிலிமேட்டில். நாற்பது ஸ்லைடு. திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். பாதியில் சத்தம் சட்டென்று குறைந்தது. மைக் போய்விட்டது என்று திரும்பினேன். கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"மைக்குக்கு ஒண்ணும் இல்ல மேடம். நாந்தான் கொறச்சேன். நீங்க செவுத்தாண்ட பேசிக்கினு இருந்தீங்க, ஜனங்க அவங்க வீட்டுக் கதைய பேசிக்கினு இருந்தாங்க. கொறச்சாதான் ரெண்டு பேரும் திரும்புவீங்க."

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து முப்பது ஸ்லைடை எடுத்துவிட்டேன்.

இன்னொரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார், "நம்ம ஊர்ல யாருக்கு மேடம் மாரடைப்பு வருது? எல்லாருக்கும் கேஸ் ட்ரபிள்தான். பொணத்த எடுக்கும்போதுகூட நேத்து கேஸ்னுதான் சொன்னாருன்னு பேசிக்குவாங்க. அதுல இருந்து ஆரம்பிங்க."

அப்படியே ஆரம்பித்தேன். "இங்க யாருக்கெல்லாம் கேஸ் தொல்லை இருக்குது?" ஒரு கை தூக்கவில்லை. மாமியார் பக்கத்தில், எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில், யார் தூக்குவார்கள்...

கடைசி வரிசைக்குப் பின்னால், மைக் செட் மிக்ஸர் பக்கத்திலிருந்து ஒரு கை. "எனக்கு இருக்குது மேடம். நேத்து பிரியாணி."

மண்டபமே சிரித்தது. அப்புறம் ஒன்று, பத்து, முப்பது கை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஜனங்கள் என்னோடு பேசினார்கள்.

அதிலிருந்து அது எங்கள் ஏற்பாடு. முதல் கேள்விக்கு முதல் கை பாயுடையது. நல்லா பேசறீங்க என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

என்னுடைய இரண்டாவது கேள்வி இது. "படி ஏறும்போதோ, கனமா எதையாவது தூக்கும்போதோ நெஞ்சு இறுக்கிப் பிடிச்சு, கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடுதா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதற்கும் பாயின் கை மேலே வந்தது. ஜோக் எதுவும் இல்லை. சும்மா கை மட்டும். அடுத்த கூட்டத்திலும் அப்படியே. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கை இறங்கவில்லை.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

அன்றைக்கு ஸ்பீக்கர் பாக்ஸை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு நின்றார். நான் லேப்டாப்பைப் பையில் வைத்தபடி சிரித்துக்கொண்டே சொன்னேன், "பாய், முதல் கேள்விக்கு மட்டும் தூக்குங்க. ரெண்டாவதுக்கும் தூக்குனா ஓவர் ஆக்டிங்காத் தெரியுது."

கீழே கிடந்த வயரை எடுத்து முழங்கையில் சுற்றினார். "சரி மேடம். அடுத்த கூட்டத்துல தூக்கல."

போன வாரக் கூட்டத்தில் தூக்கவில்லை. நல்ல வேளை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த உள் அறையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேஸ் என்றாராம். சோடா வாங்கிவரச் சொன்னாராம். "நீங்க கூட்டத்துல பேசறத வீட்டுல அப்படியே பேசிக் காட்டுவாரும்மா. எனக்கே மனப்பாடம். அதைத்தான் நேத்து சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. அது கூட்டத்துக்குச் சொல்றதுன்னு சிரிச்சாரு..."

பாய் ரெண்டாவது கேள்விக்குத் தூக்கிய அந்தக் கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். இங்கே எழுதுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அவர் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் பாயின் வண்டி நின்றது. நேற்று எங்கோ போகவிருந்த ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் அதில் அப்படியே இருந்தன.

போயிட்டு வாங்க பாய்.

வியாழக்கிழமைக்கு வேறு செட் சொல்லிவிடலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். சரி என்றுவிட்டேன்.

ஆனால் முதல் கேள்விக்குக் கை தூக்க யாரையும் ஏற்பாடு செய்யப் போவதில்லை. யாரும் தூக்காவிட்டால் அப்படியே நிற்பேன். இரண்டாவது கேள்விக்கு ஒரு கை வந்தாலும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இறங்கி அவர் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். மிச்சக் கூட்டம் காத்திருக்கட்டும். கலைந்து போனாலும் போகட்டும்.

ஆபீஸில் இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.