லொக் ஆன் ஹோட்டலின் தரைத் துளை

மலேசியாவின் தாப்பா ஊரில் லொக் ஆன் ஹோட்டல் கதவை யார் தட்டினாலும் உடனே திறக்காது. முதலில் மாடியில் ஒரு பலகை நகரும். வாசலுக்கு நேர் மேலே, மாடித் தரையில் உள்ளங்கை அகலத் துளை. அதன் வழியே வந்தவரின் தலை, பை, செருப்பு எல்லாவற்றையும் துருவிப் பார்த்துவிட்டுத்தான் முதலாளியம்மா பாங் சியூ யிங் இறங்குவார். ஈயச் சுரங்கக் காலத்தில் கொள்ளையருக்குப் பயந்து வைத்த துளை. மற்ற கட்டடங்களில் அடைத்துவிட்டார்கள். இந்த அம்மாளா அடைப்பார்!

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள், இறந்துபோன கணவர் ஹான் தெக் மிங். அம்மாள் கீழே கோழி வறுத்தும் காப்பி கலக்கியும் வெந்துகொண்டிருக்க, மனிதர் மத்தியானமானால் முதுகுவலி என்று மாடியறைக்குப் போய்விடுவார். அதற்காக அம்மாள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சாகும்போது, "கட்டடத்த வித்துடாத" என்று கையைப் பிடித்துக் கேட்டார். அந்தச் சொல்லுக்காகவே, விற்கச் சொல்லி நச்சரிக்கும் கொழுந்தன் மகன் வெய் லூனை வாசலோடு விரட்டிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் ரிட்வான் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தான். பழைய ஹோட்டல்களை அளந்து படம் வரையும் கல்லூரி ஆசிரியன். முற்றத்தை அளந்தான், சுவரைத் தட்டினான், தரையில் மண்டி போட்டான்.

"உன்ன அனுப்புனது வெய் லூன்தானே?"

"யாரு ஆண்ட்டி அது?"

"பச்சப்புள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு கட்டடத்தையே முழுங்கிடுவ போலிருக்கே! நட, நானும் கூட வரேன்."

அறை அறையாகப் பின்னாலேயே போனார். கணவரின் அறையில் ரிட்வான் இரும்புக் கட்டிலை நகர்த்தினான்.

"இங்கயும் ஒரு துளை இருக்கே ஆண்ட்டி, எதுக்கு?"

"உளறாத. இந்த வீட்டுல ஒண்ணுதான்."

அவன் கீல் வைத்த சின்ன மூடியைத் தூக்கிக் காட்டினான். அம்மாள் குனிந்து பார்த்தார். நேர் கீழே அவருடைய அடுப்பு. வெட்டுப் பலகை. அவர் உட்காரும் முக்காலி.

"அடுப்புல தீ பரவுதான்னு பாக்க, கட்டுனவங்க அப்பவே வச்சிருப்பாங்க" என்றான் ரிட்வான், அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்.

"அப்பவேவா? இந்தக் கீல நான்தான்யா கடையில வாங்கியாந்தேன். கோழிக்கூண்டுக்குன்னு சொன்னாரு பாவி!"

சமையலுக்கு உதவிய ஆ ஃபூக்கைக் கணவர் ஒரே நாளில் துரத்தியது அப்போதுதான் உறைத்தது. என்ன குற்றம் என்று அம்மாள் எவ்வளவோ கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் அடுப்படியில் அம்மாளும் அவனும் எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். அவ்வளவுதான். ஊரையெல்லாம் இவர் வேவு பார்க்க, இவரை வேவு பார்த்திருக்கிறார் கட்டிய புருஷன்!

அம்மாள் விறுவிறுவென்று இறங்கிப் போய் டெலிபோனை எடுத்தார்.

"வெய் லூன், கட்டடத்த வித்துடு."

"இதுல என்ன உள்குத்து பெரியம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. வேணாம்னு தோணிப்போச்சு."

"சும்மா கதை விடாதீங்க. கூரை இறங்கிடுச்சா? வேற யாருக்காச்சும் எழுதிக் குடுத்துட்டீங்களா? நேர்ல வந்து ஒவ்வொரு அறையா பாத்துட்டுதான் நம்புவேன்."

"ஹான் வீட்டு ரத்தம்டா நீ!" என்று கத்திவிட்டு அம்மாள் அழுதார். கணவர் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.