பந்தயத் திடலுக்கு வரும் ஓட்டக்காரர்கள்

என் கண்மணிகளே,

உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் வருஷம் ஒன்று ஆகிறது. திதிக்கு வரும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுப்பதற்காக இந்த நினைவு மலரை அச்சடிக்கிறோம். ஆனாலும் நான் எழுதுவது உங்கள் இருவருக்காகத்தான். பெரியவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். சின்னவனுக்கு முகம்கூட மறந்துபோகும். அதனால் எனக்குத் தெரிந்தவரையில் எழுதி வைக்கிறேன்.

அம்மா பிறந்தது இதே சிங்கப்பூரில், ரோச்சோர் கால்வாய்க்கரை மாட்டுக்கொட்டகை வரிசையில். உங்கள் தாத்தா பால்காரர். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எட்டு வயதில் தயிர்ப்பானையோடு சிராங்கூன் சாலையில் வீடு வீடாகப் போனவர். மேய்ந்து திரும்பும் நூறு மாடுகளில் தங்கள் மாடு எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாராம். அந்தக் கண் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

என்னைக் கட்டிக்கொண்டபோது நான் குதிரைப் பந்தயத் திடலில் புல்வெட்டியாக இருந்தேன். மத்தியானச் சோறு கொண்டுவந்து, மணி அடிக்கும்வரை வேலியோரம் உட்கார்ந்திருப்பார். அப்படிக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் அவை வரும். புறாவைவிடச் சிறிசு, கால் மட்டும் நீளம். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு புழுவைக் கொத்தும், மறுபடி ஓடும். அவற்றின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அம்மா ‘ஓட்டக்காரங்க’ என்று பெயர் வைத்தார். பனி கொட்டும் வடநாட்டில் குஞ்சு பொரித்துவிட்டுக் கடல் தாண்டி வருகின்றன என்று குதிரை வைத்தியர் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, “இத்தினி உடம்பை வச்சுக்கிட்டா!” என்று வாயில் கை வைத்தார்.

குதிரைகள் மிரளாமல் இருக்க அந்தப் பறவைகளை விரட்டுவது என் வேலைகளில் ஒன்று.

“என்னங்க, உங்க குதிரைங்களவிட அதுங்க ஒழுங்கா ஓடுதுங்க. எதுக்கு வெரட்டுறீங்க?”

“நான் அதுங்கள வெரட்டலைன்னா துரை என்னை வெரட்டுவாரு புள்ள.”

“அப்ப நீங்களும் நாலடி ஓடி நில்லுங்க” என்று சொல்லிச் சிரிப்பார். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றேன். அவர் காட்டிய பக்கம் தலையைத் திருப்பினேனே தவிர, பார்க்கவில்லை.

கால்வாய் பெருகி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருஷம், பெரியவளைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியையும் கைபிடித்து மேட்டில் ஏற்றியவர் அம்மா. அவ்வளவு தெம்புள்ள உடம்பு, போன வருஷம் ஆனியில் இருமலோடு படுத்தது எழுந்திருக்கவே இல்லை.

ஆவணி பிறந்ததும் தினமும் ஒரே கேள்விதான். “வந்துடுச்சுங்களா? வந்த அன்னிக்கே சொல்லணும். ரிக்‌ஷாவுல ஏத்திக்கிட்டுப் போய் ஒரு தடவை காட்டிடுங்க.”

கஞ்சிகூட இறங்காத ஒரு நாள். சந்தோஷப்பட்டாவது இரண்டு வாய் குடிப்பார் என்று நினைத்து, “வந்துடுச்சு புள்ள. ஒரு பதினஞ்சு இருக்கும். தேறி எழுந்திரு, கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

கண்ணைத் திறந்தார். “வயிறு எப்படி இருந்துச்சு?”

“எப்பவும்போலதான். மஞ்சப் புள்ளி, வெளுத்த வயிறு.”

சிரிப்பும் இருமலுமாகச் சொன்னார். “மொதல்ல வர்றதுங்க வயிறெல்லாம் கறுப்பாத்தான் வரும். தீபாவளி வாக்கிலதான் வெளுக்கும். ஒரு பொய் சொல்லக்கூட ஒழுங்காப் பாத்து வைக்கல நீங்க.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“பாத்தா மட்டும் சொல்லுங்க. நான் எழுந்து போய்ப் பாக்கவா போறேன்? உங்க வாயை நம்பித்தானே படுத்திருக்கேன்.”

மறுநாளிலிருந்து விடியும்போதே திடலுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து, “இல்ல” என்பேன். “சரி” என்பார். வெறுங்கையோடு வருவதுபோல் இருக்கும். அதனால் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். எந்தப் பக்கம் புல் நனைந்திருந்தது, கொக்கு எத்தனை, மைனாக்கள் எதற்காகச் சண்டை போட்டன. குறுக்கே கேள்வி கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். அப்படிப் பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் மூச்சு வாங்கியது. நான் நகரவில்லை.

“இன்னிக்குப் போகலையா?”

“போகல புள்ள.”

“போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்.”

நான் போகவில்லை. மத்தியானத்துக்கு முன்பே அடங்கிவிட்டது.

அந்த நாட்களில் நமக்குத் துணை நின்றவர்களை நீங்கள் மறக்கக் கூடாது. கட்டில் கொடுத்த மளிகைக்கடை ராவுத்தர் ஐயா. வெள்ளத்தில் அம்மா கைபிடித்து ஏற்றிய அதே பக்கத்து வீட்டு அக்கா. உங்கள் இருவருக்கும் சோறு ஊட்டிப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். கூலி வாங்க மாட்டேன் என்று தலையசைத்து, வைத்தியரை இரண்டு தடவை ஏற்றி வந்த சீன ரிக்‌ஷாக்காரர். என் வேலையையும் சேர்த்துச் செய்த வீராசாமி மாமா. இவர்கள் எந்த வழியில் எதிர்ப்பட்டாலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். திடலில் ஓட்டக்காரர்கள் இருந்தன. வயிறெல்லாம் கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு.

“எப்ப மாமா வந்துச்சு இதுங்க?” என்று வீராசாமி மாமாவைக் கேட்டேன்.

“ரெண்டு வாரத்துக்கு மேல இருக்குமே, மாப்பிள்ளை.”

“எந்த நாளு?”

“நாளெல்லாம் யாரு பாத்தா? குருவிதானே.”

நான் போகாமல் இருந்த அந்தக் காலையிலேயே வந்திருந்தனவா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

அன்று எனக்குத் திடலின் அக்கரை ஓரத்தில் வேலை. நேரே நடந்தால் ஐந்து நிமிஷம். நடுவில் அவை ஓடியும் நின்றும் மேய்ந்துகொண்டிருந்தன. அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலியை ஒட்டி, வெயிலில் முழுத் திடலையும் சுற்றிக்கொண்டு போனேன்.