சரசக்கா வீட்டு ஃபோன்

காலையிலிருந்து அம்மா ஃபோனை எடுக்கவில்லை. திருப்பூரில் பஸ் ஏறி, வழியெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு, காந்திபுரத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். எதற்கெடுத்தாலும் கெட்டதையே முதலில் நினைக்கிற ஆள் நான். அதுவும் அம்மா ராஜ வீதிப் பக்கம் தனியாக இருக்கிறார். கார் முழுக்க மல்லிகை செண்ட் வாசனை. அந்தப் பதற்றத்திலும் சரசக்கா வீட்டு ஃபோன் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் சந்துக்கே எதிர்வீட்டுச் சரசக்காவின் அந்த ஒரு ஃபோன்தான். ரிசீவரின் பேசும் பக்கத்தில் மல்லிகை மணக்கும் பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருப்பார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று, அதாவது பக்கத்து வீட்டு நம்பர் என்று, எழுதியிருந்தோம். அழைப்பு வந்தால் எதிர்வீட்டிலிருந்து சரசக்கா வந்து கூப்பிடுவார். என்னவோ சொந்த ஃபோன் வைத்திருப்பது போல எங்களுக்குப் பெருமை.

கெட்ட நேரம், அம்மாவுக்கும் அவருக்கும் குழாயடியில் சண்டை வந்தது. சிறுவாணித் தண்ணீர் என்றால் சும்மாவா? எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"இனி உங்களுக்கு ஃபோன் வந்தா நான் வந்து கூப்பிடமாட்டனுங்க!"

"நாங்களும் உங்கூட்டு வாசப்படி மிதிக்கமாட்டமுங்க!"

அந்த வாரமே ஈரோட்டில் அக்காவுக்கு வலி எடுத்தது. முதல் பிரசவம், குழந்தை தலை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்று மச்சானின் தம்பி நேரில் வந்து சொல்லி, அப்பாவை அழைத்துப் போனார். அம்மாவால் போக முடியவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தது; என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது அவர்தான். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு யாராவது பிரசவத்துக்குப் போவார்களா? அடுத்த வீட்டுக்குள் நுழையவே யோசிப்பார்கள். "ஃபோன் பண்றேன்" என்றார் அப்பா. எந்த நம்பருக்கு என்று அம்மா கேட்கவில்லை.

நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன். உடம்பெல்லாம் அரிப்பு, காது மட்டும் எதிர்வீட்டில். மதியம் ஃபோன் அடித்தது. அம்மா எழுந்து நின்றார். மணி நின்றது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அப்போதும் யாரும் வரவில்லை.

"வேணும்னே பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைக் கசக்கினார். சரசக்கா மேல் எனக்கு அப்படியொரு வெறுப்பு.

அதற்கடுத்து அடித்தபோது கதவு திறந்தது. சரசக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"அம்மணி, ஓடியாங்க! ஈரோட்டுல இருந்து!"

அம்மா அவர் வாசல் வரை ஓடி, அப்படியே நின்றுவிட்டார். "அம்மை போட்ட ஊடுங்க. நான் எப்படி உள்ள..."

"அதையெல்லாம் ஆத்தா பாத்துக்குவா. லைன் கட்டாயிருமுங்க, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்த அம்மா சரசக்கா தோளில் சாய்ந்து அழுதார். எனக்கு உயிரே போய்விட்டது. சரசக்காதான் என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "மாமனாயிட்டே கண்ணு! ரெண்டு உசுரும் நல்லாருக்குது!"

முதலில் வந்தவையெல்லாம் அவருடைய தங்கச்சியின் அழைப்புகளாம். அக்காவுக்கு வலி எடுத்த சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்ததால், ஈரோட்டு லைன் கிடைக்காமல் போய்விடும் என்று சட்டென்று பேசி வைத்தாராம்.

டாக்ஸி நின்றது. அந்தச் சந்தில் இப்போது அடுக்குமாடி. அம்மா வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். பதில் இல்லை. பக்கத்துக் கதவைத் தட்டினேன். ஒரு இளைஞர் எட்டிப் பார்த்தார். "அந்தம்மாவா? நாங்க பார்த்துப் பேசுனதில்லீங்களே."

அதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டார். "குளிச்சிட்டிருந்தேன் கண்ணு. ஃபோன சைலண்ட்ல போட்டு மறந்துபோட்டேன்." நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது அந்த இளைஞரிடம் அவர் நம்பரைக் கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றார்.

"பி.பி. நம்பருக்குங்க" என்றேன்.