கண்ணைப் பற்றி நான் சொல்லாதது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையை மட்டும்தான் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

செல்வியக்காவின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம்.

பெங்களூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஏழு பேருக்கு நான் மேஸ்திரி. இருபது வருஷமாகச் சந்தாபுராவில் குடியிருப்பதால் கன்னடம் தடையில்லாமல் வரும். ஊத்தங்கரைப் பக்கமிருந்து அறுபது வயதில் பிழைக்க வந்து அந்த ஏழு பேரில் ஒருவரான அக்காவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வராது.

ஒருநாள் நாங்கள் சாப்பிடும் அறைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து வயதான பிறகும் வேலை செய்கிறவர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சியாம். அக்காவின் கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். நாலடி நடக்கச் சொன்னார்கள். கண்ணில் ஒரு டார்ச்சுகூட அடித்துப் பார்க்கவில்லை! மற்ற எல்லாவற்றையும் வாயால் கேட்டே தெரிந்துகொள்கிற படிப்பு! அந்த வாய் என்னுடையதாகப் போயிற்று.

"ஒடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள் ஒருத்தி. நான் தமிழில் கேட்டேன்.

"இடது கண்ணுல பொக மூட்டமா இருக்குது தம்பி. அன்னிக்கிப் படி தெரியாம வுழுந்தேனே, அதுங்கூட இதாலதான். நல்லா வெவரமா சொல்லு."

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "எல்லா சென்னாகிதே மேடம்" என்றேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம்!

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "நான் இம்மாஞ் சொன்னேன்... நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?"

"கன்னடத்துல அவ்ளோதாங்கா வரும்."

சிரித்துவிட்டார். நம்பிவிட்டார்!

ஏன் செய்தேன்? கண் தெரியாது என்று எழுதினால் காண்டிராக்டர் அவரை நிறுத்துவார். இன்னொரு ஆள் வேண்டும் என்று நான் மேனேஜர் முன்னால் நின்று கேட்க வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்... அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்தேன்.

"கூச்ச சுபாவம், பாவம், யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன்" என்பார்கள் என்னை. தூ! தன் தோலை மட்டும் காத்துக்கொள்கிற புத்திக்கு இந்த ஊர் வைத்த நல்ல பெயர் அது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, தொந்தரவு சொன்னவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அந்த ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய வேன் வந்தது. பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் நாலு பேர் ஏறினார்கள். அக்கா தரை துடைக்கும் மாப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எம்பேரு கூப்புடலியே தம்பி?"

"கம்ப்யூட்டர் எடுக்கற பேருக்கா. அடுத்த தடவ வரும்."

அப்போதாவது ஓடிப்போய் டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். வேன் பத்து நிமிஷம் நின்றது. நான் வாளியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்... ஏற்கெனவே சுத்தமாக இருந்த தண்ணீரை!

பல மாதம் கழித்து அக்காவின் மகன் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனான். முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். காண்டிராக்டருக்கு அது இன்னும் தெரியாது.

இப்போது எங்கள் கட்டடத்து வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பெண்கள் அன்று எடுத்தது. மாப்பும் சிரிப்புமாக அக்கா. கீழே கன்னடத்தில், வயதானாலும் ஒரு குறையுமின்றி மகிழ்ச்சியாக உழைக்கிறார் என்று எழுதியிருப்பதாகச் செக்யூரிட்டி படித்துச் சொன்னான்; எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தப் படத்தின் கண்ணாடியைத் தினமும் துடைப்பவர் அக்காதான், ஒற்றைக் கண்ணோடு.

"என்னப் பத்தி என்னா போட்டிருக்கு தம்பி?" என்று போன வாரம் கேட்டார்.

"நல்லவங்கன்னு போட்டிருக்குக்கா."

"எல்லாம் நீ எடுத்துச் சொன்னதாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். துணிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தை மாதம் எட்டாம் நாள், வியாழக்கிழமை.